சிறைக்கு நாம் பட்ட கடன்

நெய்வேலிப் பள்ளிகளிலே தடுப்பூசிக்குக் கை நீட்டும் பிள்ளைகளைக் காண்கிறோம். தடுப்பூசியின் வரலாற்றில் ஒரு சிறைக்கதவும் உண்டு என்பதை அறிவோமா, தோழர்களே?

1896-இல் பம்பாயைப் பிளேக் சூறையாடிற்று. தெய்வத்தின் சீற்றம் என்று நடுங்கினர் பலர். கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே உண்டு! ஹாஃப்கின் என்னும் அறிஞரோ கிருமியை வளர்த்தார். அதனைக் கொன்று தடுப்பூசி சமைத்தார். 1897 சனவரி 10-இல் தம் உடலிலேயே முதலில் ஏற்றிக்கொண்டார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் புகுந்தது. கைதிகளில் முன்வந்தோருக்கு ஊசி, ஏனையோர் ஒப்பீட்டுக்கு. ஊசி பெற்றோரிடையே நோய் குறைந்தது.

அறிவின் வெற்றிதான்! ஆயினும், பூட்டிய கதவுக்குள் சொன்ன ‘சரி’ உரிமையுடையோன் சொன்ன ‘சரி’ ஆகுமா? தன்னிச்சையான ஒப்புதலே முதல் நெறி என்று எழுத, 1947-இன் நூரம்பர்க் தீர்ப்பு வரவேண்டியிருந்தது.

1925 முதல் அந்நகரின் ஆய்வு நிலையம் ஹாஃப்கின் பெயரைத் தாங்குகிறது, தகும். அந்தக் கைதிகளை நினைப்பார் யார்?

கடனை அடைக்க வழியுண்டு. நெரிசலிலே காசம் பரவும் சிறைகளுக்குக் காற்றும் மருந்தும் மருத்துவரும் கேட்போம். நீதிமன்றம் விதித்தது சிறையை, நோயை அன்று!