அரக்கு மாளிகையும் பிரெஞ்சு பாலிஷும் - பழைய மரச்சாமான்களின் கதை

மகாபாரதத்தில் பாண்டவர்களை எரித்துக் கொல்லத் துரியோதனன் கட்டச் சொன்னது அரக்கு மாளிகை. பார்க்க அழகாக இருக்கும், சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதுதான் அதில் இருந்த சூழ்ச்சி. அதே அரக்கு பல நூற்றாண்டுகள் கழித்துக் கப்பலேறி ஐரோப்பா போனது. அங்கே மேசை, நாற்காலி, பீரோக்களைக் கண்ணாடி போல மின்ன வைத்தது. ஆனால் இந்தப் பளபளப்பு ஆசையால் எத்தனையோ பழைய மரச்சாமான்களின் வரலாறு அழிந்தும் போனது!

அரக்கு என்றால் என்ன?

மரத்திலிருந்து தானாக வடியும் பிசின் அல்ல இது. புரசு, இலந்தை, குசும் போன்ற மரங்களின் கிளைகளில் கூட்டம் கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி, சாற்றை உறிஞ்சிக் குடித்துவிட்டுத் தன்னைச் சுற்றிச் சுரக்கும் கூடுதான் அரக்கு. இன்றைய ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளில் இது அதிகம் கிடைக்கிறது.

கிளையிலிருந்து சுரண்டி, நொறுக்கி, நீரில் அலசினால் சிவப்புச் சாயம் போய்விடும். மிஞ்சியதை நீண்ட துணிப்பையில் அடைத்து நெருப்பின் முன் காட்டி முறுக்குவார்கள். உருகி வடிவதைச் சூடு ஆறுவதற்குள் கையாலும் காலாலும் பிடித்து இழுத்து மெல்லிய தகடாக்கி, ஆறியதும் உடைப்பார்கள். அவல் போலத் தட்டையாக இருப்பதால் இதற்கு அவலரக்கு என்று பெயர். ஆங்கிலத்தில் ஷெல்லாக்.

முதலில் ஐரோப்பியர்கள் பெரிதும் விரும்பியது இதன் சாயத்தைத்தான். 1856-ல் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அரக்குச் சாய வணிகம் படுத்துவிட்டது. ஆனால் அதற்குள் அரக்குக்கு வேறு வேலை கிடைத்திருந்தது.

பாரிசில் பிறந்த வித்தை

அவலரக்கு தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். 1688-லேயே இங்கிலாந்தில் ஸ்டாக்கர், பார்க்கர் இருவரும் எழுதிய நூலில் அரக்கு வார்னிஷ் பற்றிய குறிப்பு உண்டு. ஆனாலும் அக்காலத்து மரச்சாமான்களில் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகு அல்லது தூரிகையால் பூசும் வார்னிஷ்தான்.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசிலிருந்து ஒரு புதுமுறை பரவியது. பஞ்சைத் துணியில் பொதிந்து, அரக்குக் கரைசலில் நனைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வட்ட வட்டமாகத் தேய்ப்பது. பூச்சின் மேல் பூச்சாக, நாள் கணக்கில். அதுதான் பிரெஞ்சு பாலிஷ். 1855-ல் பிரிட்டிஷ் அரசு, குடிக்க முடியாதபடி மெத்தில் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட்டுக்கு வரிவிலக்கு தந்தது. பாலிஷ் செலவு குறைந்தது. நடுத்தர வீடுகளுக்கும் பளபளப்பு எட்டியது.

விபரீதம் இங்கேதான் ஆரம்பித்தது. புதுச் சாமான்களோடு மக்கள் நிற்கவில்லை. தாத்தா காலத்து மக்கானி மேசையும் அதே மாதிரி மின்ன வேண்டும் என்று கேட்டார்கள். பழைய மெழுகும் எண்ணெயும் சுரண்டி எடுக்கப்பட்டன. மரத்தின் நுண்துளைகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு அடைத்து மேலே அரக்கு ஏற்றினார்கள். காலப்போக்கில் அந்தப் பிளாஸ்டர் வெள்ளைப் புள்ளிகளாக வெளியே தெரியத் தொடங்கியது.

புகழ்பெற்ற தச்சர் தாமஸ் சிப்பன்டேல் 1779-லேயே இறந்துவிட்டார். ஆகவே அவர் காலத்து நாற்காலி ஒன்று பிரெஞ்சு பாலிஷில் மின்னினால், அந்த மெருகு அவர் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்!

உரித்தெடுத்த காலம்

20-ம் நூற்றாண்டு இன்னும் மோசம். 1920-களிலிருந்து தெளிகருவியால் அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் தொழிற்சாலைகளைப் பிடித்துக்கொண்டது. பின்னால் பாலியூரிதேன் வந்தது. 1960, 70-களில் பிரிட்டனில் பைன் மரத்தை வெறும் மரமாக வைத்திருப்பது நாகரிகமானது. பெயின்ட் அடித்த பழைய பீரோக்களையும் கதவுகளையும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். பெயின்ட் போனது. கூடவே மூட்டுகளைப் பிடித்திருந்த விலங்குப் பசையும் இளகியது. அந்தச் சாமான்களில் பல, தொடக்கம் முதலே பெயின்ட் அடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஆக, "பழைய தோற்றத்தை மீட்கிறோம்" என்று சொல்லி, என்றுமே இல்லாத ஒரு தோற்றத்தை உண்டாக்கினார்கள்.

இப்போது அருங்காட்சியகங்களின் கொள்கை வேறு. எதைச் செய்தாலும் பின்னால் திரும்ப எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். முதலில் என்ன பூசியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். புற ஊதா விளக்கொளியில் அரக்கு ஆரஞ்சு நிறமாக ஒளிரும், மற்ற பிசின்கள் வேறு நிறம் காட்டும். பழம்பொருள் சந்தையிலும், மூல மெருகு கெடாத சாமானுக்கு உரித்துப் புதுப்பித்ததை விடப் பல மடங்கு விலை.

நம்மூரில்...

இந்தியக் காட்டில் விளைந்த அரக்கு, பிரெஞ்சு பாலிஷ் என்ற பெயரோடு வெள்ளைக்காரர்கள் வழியாக இந்தியாவுக்கே திரும்பி வந்தது ஒரு வேடிக்கை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கில் செய்த சாமான்கள் நிறைந்திருந்தன. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்த வணிகம் சிதைந்தது. பிற்காலத்தில் பல வீடுகளின் பெட்டிகளும் நாற்காலிகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. வாங்குகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, "புதுசு மாதிரி ஆக்கித் தர முடியுமா?" என்பதுதான்.

முடியும். உப்புத்தாளை எடுத்தால் அரை நாள் வேலை. ஆனால் நூறு வருடம் கைபட்டு, வெயில்பட்டு மரத்தில் ஏறிய நிறம் அந்தத் தூளோடு போய்விடும். அதை எந்தப் பாலிஷும் திருப்பித் தராது.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை போதும். கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் அநேகமாக அது அரக்கு. அப்படியானால் எதையும் உரிக்கத் தேவையில்லை. அழுக்கைத் துடைத்துவிட்டுப் புது அரக்குக் கரைசலைத் தேய்த்தால், அது பழைய பூச்சை இளக்கி அதனோடு ஒன்றாகக் கலந்துவிடும். பாலியூரிதேனுக்கு அந்தக் குணம் கிடையாது.

பாண்டவர்கள் அரக்கு மாளிகையிலிருந்து தப்பித்தார்கள். தாத்தாவின் நாற்காலி தப்பிப்பது, உப்புத்தாளைக் கையில் எடுப்பவர் ஒரு நிமிடம் யோசிப்பதைப் பொறுத்தது.