பொக்கோர் அரண்மனை விடுதி

பொக்கோர் அரண்மனை விடுதி: கம்போடியாவின் தென்பகுதியில், கம்போட் மாகாணத்து யானை மலைத்தொடரின்மேல், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், சயாம் வளைகுடாவை நோக்கிச் சரியும் பாறை விளிம்பில் அமைந்த பழைய கட்டடம். பழைய சூதாட்ட மாளிகை என்றே இது பிரயாணிகளிடையே பிரசித்தி பெற்றிருப்பினும், இதன் சரித்திரத்தில் சூதாட்டத்திற்கு உள்ள பங்கு மிகச் சொற்பமே.

தோற்றம்: பிரெஞ்சு ஆதிக்கக் காலத்தில், சமவெளியின் புழுக்கத்தைத் தாங்கமாட்டாத அதிகாரிகள், குளிர்ந்த சீதோஷ்ணமுள்ள வாசஸ்தலம் ஒன்றை நாடி இம்மலையைத் தேர்ந்தெடுத்தனர். அடர்ந்த காட்டை ஊடறுத்து மலையுச்சிக்குப் பாதை அமைக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்ட தொழிலாளர்களுள் சுமார் 900 பேர் ஒன்பது மாதங்களுக்குள் மாண்டனர் என்று சொல்லப்படுகிறது. இவ்வாறு பிறர் உயிரை விலையாகக் கொண்டு எழுந்த விடுதி 1925 பிப்ரவரி 14ஆம் நாள் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது. கணப்படுப்பு அமைந்த விசாலமான நடனக் கூடமும், கடலைப் பார்த்த திறந்த மேடையும் இதன் சிறப்புகள். கம்போடிய மன்னர் சிசோவத் மோனிவோங் 1941இல் காலமானது இம்மலையிலேதான்.

யுத்தமும் சூதாட்டமும்: பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மூண்ட முதல் இந்தோசீன யுத்தத்தின்போது, 1940களின் பிற்பகுதியில், மலைவாசஸ்தலம் முழுவதும் கைவிடப்பட்டது. நாடு சுதந்திரம் பெற்றபின், இளவரசர் சிஹானூக்கின் ஆட்சியில், 1962இல் அது புதுப்பிக்கப்பட்டபொழுதுதான் சூதாட்டம் மலையேறி வந்தது; அதற்கான கூடமும் ஏரியோரத்தில் புதிதாக எழுந்த விடுதிகளில் ஸ்தாபிக்கப்பட்டதேயன்றி இம்மாளிகையில் அன்று. அந்த உல்லாச வாழ்வும் பத்தாண்டுகளே நீடித்தது: 1972இல் கெமர் ரூஜ் என்னும் கம்யூனிசக் கிளர்ச்சிப் படையினர் இப்பிரதேசத்தைக் கைப்பற்ற, மலை மீண்டும் பாழாயிற்று. 1979இல் வியட்நாம் சேனை கம்போடியாவினுள் புகுந்தபோது, கெமர் ரூஜ் படையினர் அருகிலிருந்த கத்தோலிக்கத் தேவாலயத்திலும் வியட்நாமியர் இவ்விடுதியிலும் நிலைகொண்டு, குறுகிய இடைவெளியில் ஒருவரையொருவர் சுட்டுப் பொருதனர்.

பிற்கால நிலை: கதவும் சன்னலும் பெயர்த்தெடுக்கப்பட்டு, சுவர்களெங்கும் செம்மஞ்சள் நிறப் பாசி படர்ந்து கிடந்த இக்கட்டடம், 2002இல் வெளியான 'சிட்டி ஆஃப் கோஸ்ட்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்திற்குக் களமாயிற்று. 2007இல் சோகிமெக்ஸ் என்னும் நிறுவனம் மலைவாசஸ்தலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, 2012இல் சூதாட்டக் கூடத்துடன் கூடிய பெரிய விடுதியொன்றை அங்கே திறந்தது. பழைய மாளிகையும் செப்பனிடப்பட்டு 2018முதல் மீண்டும் விருந்தினரை ஏற்று வருகிறது. ஆயினும், அரசரும் அதிகாரியும் சேனைகளும் இங்கு வந்து சென்ற வரலாற்றைக் கூறுவோர், பாதை வெட்டி மாண்ட பெயர் தெரியாத தொழிலாளர்களிடமிருந்தே அதைத் தொடங்குதல் நியாயமாகும்.