வேட்டை யாருக்கு விளையாட்டு?

மன்னார்க் கரையோரமாக அரிப்புக்குச் செல்வோர், கடலை நோக்கி இடிந்து நிற்கும் ஒரு மாளிகையைக் காணலாம். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பு நடைபெறும் காலத்தில் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்பிய மாளிகை அது. கடலின் முத்து எங்கே போயிற்று என்பதை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். அம்மாளிகைக்குப் பின்னே, தெற்கே வில்பத்து வரையும் கிழக்கே மடு வரையும் பரந்து கிடந்த காட்டின் கதையை நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. அது துவக்கின் கதையுமாகும்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இக்காட்டு யானையை உயிரோடு வேண்டினர். வன்னிச் சிற்றரசர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தினர். பிடிபட்ட யானைகள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்துக்குச் சாய்த்துச் செல்லப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. அதுவும் சுரண்டல்தான், அதனை நாம் போற்றவில்லை. எனினும் உயிருள்ள யானைக்கு விலையிருந்தது. பிரித்தானியர் ஆட்சியில் அவ்வணிகம் மங்கியது. யானை ‘தொல்லை’ ஆயிற்று. துரைமாருக்கோ அது விளையாட்டும் ஆயிற்று.

அவ்விளையாட்டின் கருவி எத்தகையது? நுவரெலியாவிற் குடியேறி, இலங்கைக் காடுகளில் வேட்டையாடி, அதனை நூலாகவும் எழுதிய சாமுவேல் பேக்கரின் றைபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளி 1840 இல் செய்து கொடுத்த அதன் நிறை 21 இறாத்தல். ஒரு வெடிக்கு வேண்டிய மருந்து முழுதாக ஓர் அவுன்ஸ். அக்காலத்து றைபிள்கள் குழாயின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்படுபவை. வெடி தீர்ந்ததும் மீண்டும் கெட்டிக்க நேரம் பிடிக்கும். பாய்ந்து வரும் யானை அதுவரை காத்து நிற்பதில்லை. ஆகவே கெட்டித்த துவக்குகளைச் சுமந்து, துரையின் பின்னே மூச்சடக்கி நிற்பதற்கு நம் நாட்டு ஏழைகள் வேண்டியிருந்தனர். யானையைக் கொன்ற பெருமை துரைக்கு. அதே யானையின் முன்னே வெறுங்கையோடு நிற்கும் ஆபத்து துவக்குச் சுமந்தவனுக்கு. பதுளைப் பகுதியில் உத்தியோகம் பார்த்த மேஜர் ரோஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று அக்காலத்து நூல்கள் கூறுகின்றன. அவருக்குத் துவக்குக் கொடுத்த கைகள் எவையென்று வரலாறு கூறுவதில்லை.

மன்னார் அடங்கிய வட மாகாணத்துக்கு வருவோம். யானையைக் கொல்வோருக்குத் தலைக்குச் சில சிலின் வீதம் அரசாங்கம் வெகுமதி கொடுத்தது. மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் 3500 யானைகள் அழிக்கப்பட்டன. இதனை எழுதி வைத்தவர் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற். அவர் பதவி வகித்த அதே அரசாங்கம், 1848 இல், துவக்கு வைத்திருப்போர் ஆண்டுக்கு 2 சிலின் 6 பென்ஸ் வரி செலுத்த வேண்டுமென்றது. கொல்லச் சொல்லி ஒரு கையாற் கொடுத்த காசை மறு கையாற் பறித்த விந்தையை என்னென்பது! துவக்கு வரியும், நாய் வரியும், கடை வரியும், வீதி வரியும் சேர்ந்து மூட்டிய தீயே அவ்வாண்டு மாத்தளையிற் கிளர்ச்சியாக வெடித்தது. கிளர்ச்சியை அரசாங்கம் இரத்தத்தில் அடக்கியது. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே நீதிதான். 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை அனுமதிப்பத்திரம் கேட்டு நிற்க வைத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது.

காடு வெறிச்சோடத் தொடங்கியபின் துரைமாருக்கு ஞானம் பிறந்தது. யானைகளையும் எருமைகளையும் வகைதொகையின்றிக் கொல்வதைத் தடுக்க 1891 இல் சட்டம் வந்தது. 1894 இல் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியர்களும் கூடி வேட்டை விலங்குகள் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். 1905 இல் வில்பத்து சரணாலயமாயிற்று; 1938 இல் தேசியப் பூங்காவாயிற்று. இவை வேண்டாதவை என்று நாம் கூறோம். இவை இல்லையேல் எஞ்சியவையும் அழிந்திருக்கும். ஆயினும் பழி எவர் தலையில் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பயிரைக் காக்கவும், ஒரு வேளைக் கறிக்காகவும் இடியன் துவக்கோடு காட்டிற்குள் நுழைந்த கமக்காரன் ‘கள்ள வேட்டைக்காரன்’ ஆனான். அனுமதிப்பத்திரத்தோடும் விலையுயர்ந்த றைபிளோடும் நுழைந்தவன் ‘விளையாட்டு வீரன்’ எனப்பட்டான். யாலக் காட்டின் ஒரு பகுதியோ, இங்கு வதியும் வேட்டைப் பிரியர்களுக்கென்றே நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

கிராமத்தவன் குற்றமற்றவன் என்று நாம் வாதாட வரவில்லை. இரவில் வழிமறித்துக் கட்டப்படும் கட்டுத்துவக்கு, பன்றியென்றும் மனிதனென்றும் பார்ப்பதில்லை. தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி, யானைக் கன்றின் வாயைச் சிதைத்து, நாட்கணக்கிற் பட்டினி போட்டுக் கொல்கிறது. இக்கொடுமை ஒழிய வேண்டும். 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். மாண்ட மனிதருட் பெரும்பாலார் நாட்டுப்புறத்து ஏழைகள். விளையும் வயலுக்கு உறுதியான வேலியும், அழிந்த பயிருக்குக் காலந்தாழ்த்தாத நட்டஈடும், யானை நடக்கும் பாதையை அடைக்காத நிலப் பங்கீடும் இருந்தால், துவக்கைத் தேடிப் போகும் கமக்காரர் எத்தனை பேர்? இவற்றைச் செய்யாது அவர்களைத் தண்டிக்க மாத்திரம் முற்படுவது பழைய துரைமாரின் நீதியே.

அன்றைய றைபிள்கள் இன்று மேல்நாட்டு ஏலக் கூடங்களில் அரும்பொருள்களாகப் பெருந்தொகைக்கு விலைபோகின்றன. செய்தவன் பெயர் குழாயிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. உடையவன் பெயர் ஏலப் பட்டியலில் அச்சாகிறது. யானையின் முன்னே அதனைச் சுமந்து நின்றவன் பெயர் எதிலும் இல்லை. அவனுடைய பேரப்பிள்ளைகள் இன்றிரவும் வயற்காவற் பரணில் விழித்திருக்கிறார்கள். காட்டின் வரலாற்றை அவர்கள் பக்கம் நின்று எழுதுவதே நமது கடன்.