செடிக்கும் 'ட்ரெயினிங்' உண்டா? கஞ்சா வளர்ப்புக் காணொளிகள்: தெரிந்துகொள்ள வேண்டியவை

டிக்டாக்கில் தோட்டக்கலைக் காணொளி ஒன்றைப் பார்க்கிறீர்கள். அடுத்து ஒரு மிளகாய்ச் செடி வருகிறது. அதற்கடுத்து துளசி. அப்புறம் திடீரென்று கஞ்சாச் செடி! வெளிநாட்டில் ஒருவர் அதன் நுனியைக் கிள்ளுகிறார், தண்டை வளைத்துக் கட்டுகிறார். கேட்டால் 'பிளான்ட் ட்ரெயினிங்' என்கிறார்.

அது என்ன வித்தை? அவர்களுக்கு ஏன் அதில் அவ்வளவு அக்கறை? அதையே சிங்கப்பூரில் செய்தால் என்ன ஆகும்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ட்ரெயினிங்' என்றால் என்ன?

செடி தன் இஷ்டத்துக்கு வளராமல், நமக்கு வேண்டிய வடிவத்தில் வளரச் செய்வதுதான் ட்ரெயினிங். பேருதான் புதுசு. மல்லிகையைக் கவாத்து செய்வது, பாகற்கொடியைப் பந்தலில் ஏற்றுவது, துளசியின் நுனியைக் கிள்ளுவது எல்லாமே அதுதான். "கிள்ளினால்தான் தழைக்கும்" என்று வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

கிள்ளினால் ஏன் தழைக்கிறது?

தண்டின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது கீழே இறங்கி, இலைக்கணுக்களில் இருக்கும் பக்க மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. இதற்கு 'நுனி ஆதிக்கம்' என்று பெயர். நுனியைக் கிள்ளிவிட்டால் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது, பக்கக் கிளைகள் கிளம்புகின்றன.

ஆக்சின் மட்டுமே காரணம் இல்லை. செடி தயாரிக்கும் சர்க்கரையில் பெரும் பங்கை வளரும் நுனி இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குக் கிடைக்கிறது. பட்டாணிச் செடியில் செய்த ஆய்வில் 2014இல் இது தெரியவந்தது.

தண்டை வளைப்பதிலும் இதே கதைதான். நுனி தாழ்ந்தால் மற்றக் கிளைகளுக்கும் வெளிச்சம் சமமாகக் கிடைக்கும்.

கஞ்சா வளர்ப்பவர்களுக்கு இதில் ஏன் இவ்வளவு ஆர்வம்?

வீட்டில் வளர்க்க அனுமதிக்கும் நாடுகளில் சட்டம் பெரும்பாலும் செடிகளை எண்ணித்தான் கணக்கு வைக்கிறது.

- கனடா: 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு 4 செடிகள். ஆனால் கியூபெக் மாநிலம் வீட்டு வளர்ப்பைத் தடை செய்தது. 2023இல் கனடிய உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றது.
- ஜெர்மனி: 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர் ஒருவருக்கு 3 செடிகள்.

எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. அப்போ என்ன செய்வார்கள்? இருக்கிற செடியிலேயே விளைச்சலைக் கூட்டப் பார்ப்பார்கள். அந்தக் காணொளிகள் இவ்வளவு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் தாய்லந்தும் 2022 ஜூன் 9இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு 2025 ஜூனில் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. கஞ்சாப் பூ வாங்க இப்போது மருத்துவச் சீட்டு வேண்டும்.

சிங்கப்பூரில் சட்டம் என்ன?

இங்கே 4 செடி, 3 செடி என்ற கணக்கே கிடையாது. ஒரே ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் கஞ்சா 'ஏ' பிரிவில் இருக்கிறது.

- வளர்த்தால்: 20 ஆண்டு வரை சிறை, 40,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும்.
- வைத்திருந்தால், உட்கொண்டால்: 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும்.
- 500 கிராமுக்கு மேல் கடத்தினால்: மரண தண்டனை விதிக்கப்படலாம்.

"விற்கலையே, எனக்காகத்தானே வளர்க்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வளர்ப்பதே தனிக் குற்றம்.

"அங்கே சட்டப்படி சரிதானே?" என்று பயணத்தின்போது தோன்றலாம். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால், வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே வழக்கு வரும்.

சரி, ட்ரெயினிங் செய்து பார்க்க ஆசையா?

ஒரு மிளகாய்ச் செடியை எடுங்கள். அறிவியல் அதேதான், சட்டச் சிக்கல் இல்லை. சாம்பாருக்கும் சம்பாலுக்கும் காய் கிடைக்கும்.

1. செடி ஒரு சாண் உயரம் வந்து, ஆறேழு இலைகள் விட்டதும் நுனியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுங்கள். கத்தரிக்கோல் என்றால் சுத்தமானதாக இருக்கட்டும்.
2. கொஞ்ச நாளில் பக்கக் கிளைகள் வரும். அவற்றை மெல்ல வெளிப்பக்கம் வளைத்து, மென்மையான கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டை இறுக்கிவிடாதீர்கள்.
3. வீவக தாழ்வாரத்தில் வெயில் ஒரு பக்கமாகத்தான் வரும். சில நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் திருப்பி வையுங்கள்.
4. காய் பிடித்ததும் கிளைகள் கனக்கும். ஒரு குச்சி நட்டு முட்டுக் கொடுங்கள்.

இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். கிள்ளிய செடி முதல் காய்ப்புக்குக் கொஞ்சம் தாமதமாகும், அவசரப்பட்டு மறுபடி மறுபடி கிள்ளாதீர்கள். வாடிய செடியையும் பூச்சி விழுந்த செடியையும் கிள்ள வேண்டாம். முதலில் அது தேறட்டும்.

தாழ்வாரத்தில் தொட்டி வைத்தால், தீப்பாதுகாப்பு விதிப்படி ஆள் நடக்கக் குறைந்தது 1.2 மீட்டர் அகல வழி இருக்க வேண்டும். செடி பக்கவாட்டில் விரியும் என்பதால், தொட்டியை வைக்கும்போதே அதற்கும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.