ஊமையாய் வந்த எஞ்சினும் நம்மூர் கோச்சிச் சத்தமும்

கொஞ்சம் நீளமான பதிவு. தலைமன்னார் கோச்சியில் போய்வந்தவர்கள் கடைசிவரை வாசியுங்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

போன மாதம் கனடாவிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தார். துணியில் சுற்றிய ஒரு மாதிரி எஞ்சினை என் மேசையில் வைத்தார். ஒரு சாண் நீளம். உண்மை எஞ்சினில் 87இல் ஒரு பங்கு. "சேர், இது வாப்பாட. ஓடும், ஆனா சத்தம் வருதில்ல" என்றார். அவருடைய வாப்பா தலைமன்னார் பியரில் வேலை செய்தவர், இப்போது மௌத்தாகிவிட்டார். டொரொண்டோ கடையொன்றில் இந்த எஞ்சின் உறுமுவதைக் கேட்டு, "இது நம்மட கோச்சிச் சத்தமல்லவா" என்று வாங்கினாராம்.

அமெரிக்க எஞ்சினின் மாதிரிக்கு எப்படி நம்மூர்ச் சத்தம் வந்தது? அதற்குக் காரணம் இருக்கிறது.

நம் பாதையின் கதை தெரிந்ததுதான். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னார் பியருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறுபவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் கடல் கடந்து, பியரில் நிற்கும் கோச்சியில் ஏறிக் கொழும்புக்குப் போகலாம். அங்கே தண்டவாளத்தின் அகலம் 1000 மில்லிமீட்டர், இங்கே 1676. பெட்டி மாறாமல் முடியாது. அதனால் இக்கரையில் கேட்ட எஞ்சின் சத்தம் எப்போதும் இலங்கை எஞ்சினின் சத்தம்தான்.

முதலில் நீராவி. இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சின், பெரிய சில்லு ஒரு தடவை சுற்றினால் நான்கு தடவை மூச்சு விடும். சின்ன வயதில் நாம் வாயால் விட்ட "குச்சு குச்சு" அதுதான். பிறகு 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா டீசல் எஞ்சின்கள் தந்தது. நாம் எம் 2 என்று சொல்பவை. முதலாவதன் பெயர் ஒன்டாரியோ, அடுத்தது அல்பேர்டா. அவற்றின் உள்ளே இருப்பது ஜெனரல் மோட்டோர்ஸின் 567 வகை இயந்திரம். மாணவர் கொண்டுவந்த மாதிரி, ஜிபி 9 என்ற எஞ்சினுடையது. அதற்குள்ளும் அதே 567தான். நம்முடையதில் 12 சிலிண்டர், அதில் 16. ஒரே குடும்பம். அந்த வாப்பாவின் காது பிழைக்கவில்லை.

எங்கள் வாப்பா திண்ணையில் இருந்தபடியே எந்த எஞ்சின் வருகிறது என்று சொல்வார். அதில் மாயமில்லை. எம் 2 இரண்டு வீச்சு இயந்திரம், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் எரியும். அதனால் விடாத உறுமல். 1975இல் வந்த எம் 4 நான்கு வீச்சு. அதிலும் 12 சிலிண்டர்தான், ஆனால் ஒரு சுற்றில் பாதிதான் எரியும். சும்மா நிற்கும்போது குதிரை நொண்டுவதுபோல் கேட்கும்.

மாதிரி எஞ்சினுக்குச் சத்தம் கொடுக்க மனிதர் பட்ட பாடும் ஒரு சரித்திரம். 1935இல் அமெரிக்காவின் லயனல் கம்பனி, எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரிப்பெட்டிக்குள் சின்ன மோட்டாரும் விசிறியும் வைத்துக் காற்றை ஊதி விசில் அடிக்க வைத்தது. இங்கிலாந்தின் ட்ரையாங் ஹோர்ன்பி, சில்லு சுற்றும்போது உள்ளே ஒன்றை உரச வைத்து நீராவி மூச்சை உண்டாக்கியது. 1970களில் சத்தத்தை வெளியே ஒரு பெட்டியில் உருவாக்கி, தண்டவாளம் வழியாக எஞ்சினிலுள்ள ஸ்பீக்கருக்கு அனுப்பினார்கள். பிறகுதான் டிகோடர் என்ற சின்னப் பலகை வந்தது. உண்மை எஞ்சினின் சத்தத்தைப் பதிந்து சிப்பில் வைத்திருப்பார்கள். நம் கையில் கிடைத்தது அந்த வகையில் பழையது.

பழுதுபார்க்கும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். "சேர், எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசு போடுவம்" என்றார். புதுசிலும் 567 சத்தம் கிடைக்கும், இன்னும் தெளிவாகவும் இருக்கும். ஆனால் மாணவர் கேட்டது வாப்பா கேட்ட சத்தத்தை. பழுது எங்கே என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

சில்லுகளில் கறுப்பு அழுக்கு. மின்சாரம் எடுக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு. அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தோம். மண் கடதாசி போடக்கூடாது, கீறலில் அழுக்கு இன்னும் ஏறும். மின்சாரம் ஒழுங்காகப் போனது. ஆனாலும் ஊமைதான்.

ஸ்பீக்கரை மீற்றரில் வைத்தோம். முள் அசையவில்லை. உள்ளே மயிர் போன்ற கம்பி அறுந்திருந்தது. தம்பி ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தார். அது 8 ஓம். பழையதன் முதுகில் 100 ஓம் என்று இருந்தது. அந்தக் காலத்து டிகோடர்கள் சில 100 ஓமுக்கென்றே செய்யப்பட்டவை. 8 ஓமைக் கொடுத்தால் பன்னிரண்டு மடங்குக்கு மேல் மின்னோட்டம் இழுக்கும், பலகை எரிந்துவிடும். ஒரு சின்ன அவசரத்தில் அந்தப் பதிவே போயிருக்கும்.

திரும்பிப் போன மாணவர் 100 ஓம் ஸ்பீக்கர் ஒன்றைத் தேடித் தபாலில் அனுப்பினார். பொருத்தினோம், சத்தம் ஈனமாக வந்தது. ஸ்பீக்கரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்பக்கத்தைச் சின்னப் பெட்டியால் காற்றுப் புகாமல் மூடி ஒட்டினோம். பாடசாலை ஆய்வுகூட மின்வழங்கியை மெல்லக் கூட்டினேன். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு உறுமத் தொடங்கியது.

தம்பிக்கு அது ஒரு பொம்மைச் சத்தம். எனக்கு அப்படி இல்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது, 1980களில் அதுவும் நின்றது. 1990 ஜூனில் கோச்சியும் நின்றது. அந்த ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று நம் சனம் முழுவதும் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனோம். நான் உம்மாவின் மடியில் இருந்த பிள்ளை இல்லை, விவரம் தெரிந்த வயது. புத்தளத்திலும் கோச்சிச் சத்தம் கேட்டது. ஆனால் அது நம்மை ஊருக்குக் கொண்டுபோகிற கோச்சி இல்லை.

இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டு, 2015 மார்ச் 14இல் தலைமன்னாருக்குக் கோச்சி மறுபடி வந்தது. இடையில் கிட்டத்தட்ட 25 வருடம். முகாமில் பிறந்த பிள்ளைகள் கலியாணம் முடித்துப் பிள்ளை பெறும் காலம். தண்டவாளத்தைத் திரும்பப் போடலாம். பியரில் கப்பல் ஊதியதும், கூலிகள் கூப்பிட்டதும், எஞ்சின் மாறும்போது கொக்கி விழுந்ததும் கேட்டவர்களின் காதில் மட்டும்தான் இருக்கின்றன.

2004 சுனாமியில் பெரலியவில் கடல் அடித்த கோச்சியை இழுத்தது எம் 2 மனிடோபா. அதையும் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். திருத்த முடியாதது, கேட்டவர் போனபின் அவர் கேட்டது.

என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டில் 70 வயது தாண்டிய ஒருவர் இருந்தால், இன்றைக்கு அஸருக்குப் பிறகு பக்கத்தில் இருந்து போனைத் திறந்து பதியுங்கள். "பியரில் கோச்சி வந்தா எப்படிக் கேக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். வாயால் செய்து காட்டுவார்கள். அலுமாரியில் பழைய கல்யாணக் கசெட் இருந்தால் வீசாதீர்கள், பின்னால் கோச்சி ஊதியிருக்கலாம். எனக்கு அனுப்புங்கள், நான் பிள்ளைகளைக் கொண்டு சேர்த்து வைக்கிறேன்.

எஞ்சின் உறுமுவதைப் பதிந்து மாணவருக்கு அனுப்பினேன். ஹோர்ன் மட்டும் இல்லை, அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும், என்னிடம் கிடையாது. இரவு அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. முதலில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன் சேர். ஹோர்ன் எங்க என்று கேக்கிறா."