இனாம் புட்டியின் கதை

இனாமாக ஒரு பொருள் கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்பவர் மிகச் சிலரே. நோயுற்றவர் அச்சிலரிலும் சேரார். "உடலுக்கு வலிமை தரும் இம்மாத்திரையைப் பதினான்கு நாட்கள் இலவசமாக உண்டு பாருங்கள், அஞ்சற் செலவு மட்டும் உங்களுடையது" என்று இந்நாளில் கணினியிலும் கைப்பேசியிலும் வரும் அழைப்பு, புதிய யுகத்தின் தந்திரமாக நமக்குத் தோன்றலாம். ஆனால் அதன் வேர் நூறு ஆண்டுகளுக்கும் அப்பால் செல்வது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது முளைவிட்டு வளர்ந்த வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், அந்நாட்டில் மருந்துப் புட்டிக்குள் இருப்பது இன்னதென மேற்சீட்டில் எழுத வேண்டும் என்ற மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. பேட்டண்டு மருந்துகள் என்ற பெயரில் எண்ணற்ற சரக்குகள் விற்பனையாயின. பத்திரிகைகளின் வருவாயில் பெரும் பங்கு அவற்றின் விளம்பரங்களிலிருந்தே வந்தது. அக்காலத்திலேதான் சிகாகோ நகரிலிருந்து 'லிக்குவசோன்' என்றொரு திரவம் புறப்பட்டது.

காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882-இல் கண்டறிந்து இருபது ஆண்டுகளே கழிந்திருந்தன. கிருமி என்ற சொல் மக்களிடையே ஒருபுறம் அச்சத்தையும், ஒருபுறம் விஞ்ஞானத்தின்மேல் அளவற்ற நம்பிக்கையையும் ஊட்டியிருந்தது. லிக்குவசோன் விளம்பரம் இவ்விரண்டையும் நன்கு பயன்படுத்திக் கொண்டது. இம்மருந்து வாயுவிலிருந்து, பிரம்மாண்டமான இயந்திரங்களின் உதவியால், பதினான்கு நாட்கள் உழைத்துத் தயாரிக்கப்படுவதாம். இதன் அமெரிக்க உரிமைக்கு 1,00,000 டாலர் கொடுக்கப்பட்டதாம். இதனால் கொல்ல முடியாத நோய்க்கிருமி எதையேனும் காட்டுவோருக்கு 1,000 டாலர் பரிசாம்! அதன் கீழே நோய்களின் நீண்ட பட்டியல். ஆங்கில அகரவரிசையில் அமைந்த அப்பட்டியலில் புற்றுநோயும் இருந்தது, காசநோயும் இருந்தது. தலைப் பொடுகும் இருந்தது. உயிர் குடிக்கும் புற்றுக்கும் உதிர்ந்துபோகும் பொடுகுக்கும் ஒரே புட்டி என்பதைப் படித்தவர்கள் நகைத்திருக்க வேண்டும். நகைக்கவில்லை.

விளம்பரத்தின் அடியில் ஒரு கூப்பன் இருந்தது. அதுவே நம் கதையின் கரு. இம்மருந்தை இதுவரை உண்ணாதவர் அதை நிரப்பி அனுப்பினால், ஐம்பது காசு விலையுள்ள புட்டி இலவசம். கம்பெனி, அவர் ஊரிலுள்ள மருந்துக்கடைக்கு ஓர் உத்தரவுச் சீட்டு கொடுக்கும். புட்டிக்கான விலையைக் கம்பெனியே கடைக்காரருக்குச் செலுத்திவிடும். நோயாளி எழுத வேண்டியவை பெயரும், முகவரியும், தம்மைப் பீடித்துள்ள நோயின் பெயருமே.

இதில் கம்பெனிக்கு இழப்பு இல்லையா என்று கேட்கலாம். இவ்வேற்பாட்டைப் பரப்பியவர் கிளாட் ஹாப்கின்ஸ் என்னும் விளம்பர எழுத்தாளர். அவர் பின்னாளில், 1927-இல், தம் தொழில் வரலாற்றை நூலாக எழுதியபோது இதைப் பெருமையுடனேயே விவரித்தார். முதலில் சிறிய நகரங்களில் பரீட்சித்தார். கூப்பன் அனுப்பும் ஒருவரைப் பெற எவ்வளவு செலவாகிறது, அவர் பின்னர் எவ்வளவுக்கு வாங்குகிறார் என்று கணக்கிட்டார். கணக்கு ஒத்து வந்த பின்னரே நாடெங்கும் பரப்பினார். ஆகவே அந்த இனாம் ஒரு முதலீடு. அது பலன் தருவதற்குக் காரணமும் உண்டு. தலைவலி, சளி, வயிற்றுக் கோளாறு போன்றவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் தாமே தணிவன. தணியும் வேளையில் கையில் எந்தப் புட்டி இருக்கிறதோ, அதற்குப் புகழ் போய்ச் சேருகிறது. தணியாத நோயுடையவரோ, ஒரு புட்டி போதவில்லை போலும் என்றெண்ணி அடுத்ததை விலைக்கு வாங்குகிறார்.

சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்னும் பத்திரிகையாளர் 1905-ஆம் ஆண்டு அக்டோபரில் 'காலியர்ஸ்' வார இதழில் இம்மருந்துகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். நவம்பரில் லிக்குவசோனின் முறை வந்தது. இரசாயனச் சோதனையில் வெளிப்பட்டது யாது? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். எஞ்சியது சிறிதளவு கந்தக அமிலமும் அதனினும் சிறிதளவு அதன் இனத்தைச் சேர்ந்த மற்றோர் அமிலமுமே. நோய்க்கிருமி ஏற்றப்பட்ட கினிப் பன்றிகளுக்கு அதைப் புகட்டிப் பார்த்தார்கள், அவை பிழைக்கவில்லை. மருந்து இப்படியிருக்க, கூப்பன்களுக்கும் கடிதங்களுக்கும் நேர்ந்த கதி இன்னும் வேதனையானது. பெண்கள் தங்கள் உடற்குறைகளை நம்பிக்கையோடு மருந்துக் கம்பெனிகளுக்கு எழுதிய கடிதங்களை, தரகர்கள் கட்டுக்கட்டாக வாடகைக்கு விடுவதை மார்க் சல்லிவன் என்பவர் கண்டுபிடித்து 1906-இன் தொடக்கத்தில் வெளியிட்டார். தாயிடமும் சொல்லக் கூசும் செய்திகள் அங்கே எண்ணிக்கைக் கணக்கில் சரக்காகிக் கிடந்தன. இனாம் புட்டிக்கு விலை கொடுக்கப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று.

கிளர்ச்சி வீண்போகவில்லை. 1906 ஜூன் 30-இல் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டத்தில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஆனால் சட்டம் மேற்சீட்டைத்தான் கண்காணித்தது. பத்திரிகை விளம்பரம் அதன் கைக்கு எட்டவில்லை. மேலும், நோயைக் குணப்படுத்தும் என்று பொய் சொல்வதை இச்சட்டம் தடுக்காது என்று 1911-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே திருத்தம் வந்தது. எனினும் விற்பவரின் வஞ்சக எண்ணத்தை அரசாங்கம் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எண்ணத்தை எந்தத் தராசில் நிறுப்பது? பொய் விளம்பரங்களைத் தடுக்கும் தெளிவான அதிகாரம் வர்த்தக ஆணையத்திற்கு 1938-இல்தான் கிடைத்தது.

இதற்கிடையே தந்திரத்தின் மறு பாதி வேறொரு துறையில், அதுவும் புத்தக உலகில், உருவாகிக் கொண்டிருந்தது! 1926-இல் தொடங்கிய 'மாதம் ஒரு புத்தகம்' என்ற சங்கம், நாளடைவில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டது. "இம்மாத நூல் வேண்டாம்" என்று உறுப்பினர் எழுதாவிடில், நூலும் வரும், விலைச்சீட்டும் வரும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்களே, அதை வாணிகத்தின் விதியாக்கிவிட்டார்கள். நல்ல நூல்களை அனுப்பிய சங்கத்தை மோசடி என்று சொல்ல நான் துணியேன். ஆயினும், மறதியையும் சோம்பலையும் பணமாக்கலாம் என்ற பாடத்தைப் பிறர் அங்கே கற்றுக்கொண்டனர். இத்தகைய திட்டங்களுக்கு வர்த்தக ஆணையம் 1973-இல் விதி வகுக்க நேர்ந்தது.

இணையம் வந்தபின் இவ்விரு பாதிகளும் ஒன்று சேர்ந்தன. சத்துமாத்திரை வகைகளை விற்பனைக்கு முன் அரசாங்கத்தின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்ற நிலையை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்திருந்தது. பழைய கூப்பனில் நோயின் பெயர் கேட்ட இடத்தில், இப்போது கடன் அட்டையின் எண் கேட்கப்பட்டது. அஞ்சற் செலவுக்கென்று கொடுத்த அந்த எண்ணே, மாதந்தோறும் பணம் எடுக்கும் திறவுகோலாயிற்று. பதினான்கு நாட்கள் என்பது பொட்டலம் கைக்கு வந்த நாளிலிருந்தா, கேட்டு எழுதிய நாளிலிருந்தா? பொடி எழுத்தில் மறைந்திருக்கும் விடை பெரும்பாலும் பின்னதே. பொட்டலம் வழியில் இருக்கும்போதே தவணை பாதி கழிந்துவிடும். முன்கூட்டியே குறியிடப்பட்ட சதுரக் கட்டம் ஒன்று, நாம் கேளாத மற்றொரு பொருளுக்கும் நம் சம்மதத்தை எழுதி வைத்திருக்கும். நிறுத்தச் சொல்ல ஒரு தொலைபேசி எண் உண்டு. எடுத்துப் பேச ஆள் இருப்பது அரிது.

2010 ஆகஸ்டில், பிரேசில் நாட்டு அசாயிப் பழத்தின் பெயரால் மாத்திரை விற்ற அரிசோனா நிறுவனமொன்றின்மீது வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. இலவசம் என்று நம்பியவர்களிடம் ஏறக்குறைய 40 முதல் 60 டாலர் வரை எடுக்கப்பட்டது என்பதும், உடல் இளைக்கும், குடற்புற்று வராது என்று ஆதாரமின்றிக் கூறப்பட்டது என்பதும் ஆணையத்தின் குற்றச்சாட்டு. அவ்வாண்டு டிசம்பரில் ஒரு சட்டம் பிறந்தது. அட்டை எண் வாங்குமுன் நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும், நிறுத்துவதற்கு எளிய வழி தர வேண்டும் என்பன அதன் விதிகள். சேர்வது எத்துணை எளிதோ, விலகுவதும் அத்துணை எளிதாக இருக்க வேண்டும் என்ற கண்டிப்பான விதியொன்றை ஆணையம் 2024 அக்டோபரில் இயற்றியது. அதை இயற்றிய முறையில் குறை கண்டு, முழுமையாக நடைமுறைக்கு வரச் சில நாட்களே இருந்தபோது, 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது.