மார்பகச் சுயபரிசோதனை: மலாக்கா தோட்ட, நகரப் பெண்கள் அறிய வேண்டியவை

மலேசியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012–2016 அறிக்கைப்படி, நாட்டில் 27 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு உண்டு. சீனப் பெண்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர்கள் இந்தியப் பெண்கள். ஒரு லட்சம் பேருக்கு 38.1 என்பது அவர்களுக்கான விகிதம்.

இதைவிடக் கவலை தரும் எண் ஒன்று அதே அறிக்கையில் இருக்கிறது. நோய் கண்டறியப்பட்டவர்களில் 47.9 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்தாண்டில் இது 43.2 விழுக்காடு. ஒவ்வோர் அக்டோபரிலும் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டும் நிலைமை பின்னோக்கித்தான் போயிருக்கிறது.

தாமதத்தால் என்ன ஆகும்? சுகாதார அமைச்சு 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. முதல் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 87.5 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். நான்காம் கட்டத்தில் அது 23.3 விழுக்காடு.

ஏன் தாமதம்?

"வலிக்கவே இல்லையே" என்பதுதான் பல பெண்கள் சொல்லும் முதல் பதில். சிக்கலே அங்குதான். ஆரம்பக் கட்டத்தில் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் வலித்தால் மறுநாளே கிளினிக்குக்குப் போகிறவர், வலிக்காத கட்டியை ஆறு மாதம் சுமந்துகொண்டிருப்பார். பால் கொடுக்கும் தாய் என்றால் "பால் கட்டியிருக்கும்" என்று விட்டுவிடுவதும், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவதும் உண்டு. நாட்டின் ஐந்து மருத்துவமனைகளில் 328 நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், மாற்று வைத்தியத்தை நாடியது தாமதத்துக்கான காரணங்களில் ஒன்றாக வந்தது.

தோட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆசஹான், செலாண்டார் பக்கத்திலிருந்து மலாக்கா நகருக்குப் போய்வர வண்டி வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும். ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரேசராவது இருந்தார். ஆனால் அந்தக் காலத்திலும் இதை ஓர் ஆணிடம் சொல்ல எத்தனை பெண்களுக்கு வாய் வந்திருக்கும்?

எப்போது, எப்படி?

இருபது வயதிலிருந்தே மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். மாதவிடாய் தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டு 7-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள் பார்ப்பது நல்லது. அதற்கு முந்தைய நாள்களில் மார்பு கனத்து, தொட்டால் கட்டி கட்டியாகத் தோன்றும். வீண் பயம்தான் மிஞ்சும். மாதவிடாய் நின்றவர்கள் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். சம்பள நாள் என்றால் மறக்காது.

முதலில் கண்ணாடி முன் இடுப்புவரை ஆடையின்றி நிற்க வேண்டும். கைகளைத் தொங்கவிட்டு ஒருமுறை, தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை, இடுப்பில் ஊன்றி அழுத்தி ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு மார்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை, பலருக்கு இருக்காது. புதிதாக ஏதாவது மாறியிருக்கிறதா என்பதே கேள்வி. தோல் குழி விழுந்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகியிருக்கிறதா, நேராக இருந்த காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, காம்பைச் சுற்றி ஆறாத புண்ணோ சொறியோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

பிறகு படுத்துக்கொள்ள வேண்டும். வலது மார்பைப் பார்க்கும்போது வலது தோளுக்கடியில் சிறு தலையணை, வலது கை தலைக்குக் கீழே. இடது கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் அல்லாமல் விரலின் மெத்தையான பகுதியால், சிறு சிறு வட்டமாகத் தடவ வேண்டும். ஒரே இடத்தில் முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு விலா எலும்பு தட்டும்வரை அழுத்திப் பார்க்க வேண்டும். அக்குளிலிருந்து நெஞ்செலும்புவரை, கழுத்தெலும்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை ஓரிடம் விடக்கூடாது. தோட்டத்தில் நிரை பிடித்து வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை: மேலிருந்து கீழாக ஒரு நிரை, முடிந்ததும் பக்கத்து நிரை. அக்குளைத் தனியாகத் தடவிப் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் அது. பிறகு மறு பக்கம். குளிக்கும்போது சோப்புக் கையோடு பார்த்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், இன்னும் எளிது.

அக்குளில் வீக்கம், காம்பிலிருந்து தானாக வரும் இரத்தம் அல்லது நீர், அடுத்த மாதமும் கரையாத கட்டி ஆகியவை இருந்தால் கிளினிக்குக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு தென்படும் புதுக் கட்டிக்கு ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

இது மட்டும் போதுமா?

போதாது. சீனாவின் ஷாங்காய் நகரில் நெசவாலைப் பெண்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 66 ஆயிரம் பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. சுயபரிசோதனை கற்றுத்தரப்பட்ட குழுவில் மரணங்கள் குறையவில்லை; தீங்கற்ற கட்டிகளுக்கான சோதனைகள்தான் கூடின. அதனால்தான் மருத்துவர்கள் இன்று "உங்கள் உடலின் வழக்கமான நிலையைத் தெரிந்துவைத்திருங்கள்" என்பதையே வலியுறுத்துகிறார்கள். கையால் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்பதற்காக மெமோகிராமைத் தவிர்ப்பது தவறு.

20 முதல் 39 வயதுவரை மூன்றாண்டுக்கு ஒருமுறையும், 40-க்குப் பிறகு ஆண்டுதோறும் தாதியிடமோ மருத்துவரிடமோ மார்பகத்தைக் காட்டிப் பார்ப்பது சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் முறை. பெண் மிஸ்ஸிதான் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. தாய்க்கோ அக்கா தங்கைக்கோ இந்நோய் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்பா வழி அத்தைக்கு வந்திருந்தாலும் அது கணக்கில் சேரும்.

தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டியாகவோ கொழுப்புக் கட்டியாகவோ இருக்கும். ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஊசியால் சிறிது திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். "ஊசி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு சரியல்ல. நோய் முற்றுவதற்குள் வந்தால், பலருக்கு மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கவும் முடியும்.

செலவு

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து தரும் கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போகலாம். சொக்சோ சந்தா செலுத்தும் 40 வயதைக் கடந்த பெண்களுக்கு, 2013-இல் தொடங்கிய இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் மெமோகிராமும் அடக்கம். தோட்ட வேலையில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி வரையிலும், தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துக்கென 500 வெள்ளி வரையிலும் கிடைக்கும். கிளினிக்குக்குப் போகும்போது அடையாள அட்டையும், கடைசியாக மாதவிடாய் வந்த தேதியும், கட்டியை முதலில் கவனித்தது எந்த மாதம் என்ற குறிப்பும் கையில் இருந்தால் வேலை விரைவாக முடியும்.